பங்கு ஆடு உரிக்க விலை கூடாத நல்ல கத்தி எது?

யாழ்ப்பாணம் கொக்குவிலில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "ஒவ்வொரு தீபாவளிக்கும் எங்கட ஒழுங்கையில் ஏழெட்டு வீடு சேர்ந்து ஆடு அடித்துப் பங்கு போடுகிறோம். இதுவரை உரித்துத் தந்த ஐயா இனித் தன்னால் ஏலாது என்று சொல்லிவிட்டார். அந்த வேலை இப்போது என் தலையில். விலை கூடாமல் நல்ல கத்தி ஒன்று வாங்க வேண்டும், எதை வாங்குவது? கனடாவில் இருக்கும் மச்சான், மான் உரிக்கிற கொக்கி வைத்த கத்தி ஒன்று கொண்டு வருகிறேன் என்கிறான். அது ஆட்டுக்குச் சரிவருமா?"

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணம் பிறகு. அலகு ஐந்து அங்குலத்துக்கு மேற்படாத, மெல்லிய, நுனிப்பக்கம் மேல்நோக்கிக் கொஞ்சம் வளைந்த, பிளாஸ்டிக் பிடி போட்ட சாதாரண இறைச்சிக்கடைக் கத்தி ஒன்று வாங்குங்கள். கூடவே இரண்டு பக்கமும் பாவிக்கக்கூடிய தீட்டுக்கல் ஒன்று. ஒதுக்கி வைத்திருக்கும் காசில் பாதியைக் கல்லுக்கு எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்துக்கு என்ன கத்தி வருகிறதோ அது போதும். விலை கூடிய கத்தியை வாங்கித் தீட்டாமல் வைத்திருப்பவரைவிட, சந்தைக் கத்தியை ஒழுங்காகத் தீட்டி வைத்திருப்பவர் ஆட்டை வேகமாகவும் துப்புரவாகவும் உரித்து முடித்துவிடுவார்.

உரிப்பதில் கத்திக்கு உள்ள வேலை உண்மையில் கொஞ்சம்தான். ஆட்டைப் பின்னங்கால்களில் கட்டி மாமரக் கொப்பில் தூக்கியதும் சில கீறல்கள் போட வேண்டும். பின்னங்கால் முழங்காலைச் சுற்றி ஒன்று, அங்கிருந்து தொடையின் உட்பக்கமாகக் கவட்டுக்கு ஒன்று, வயிற்றின் நடுவால் நெஞ்சு வரை ஒன்று, முன்னங்கால்களின் உட்பக்கத்தில் ஒவ்வொன்று. அதோடு கத்தியை ஓரமாக வைத்துவிடலாம். இடக்கையால் தோலை இழுத்துப் பிடித்து, வலக்கையைப் பொத்தி முட்டியைத் தோலுக்கும் சதைக்கும் நடுவில் கொடுத்து அழுத்தித் தள்ளினால், சூடு ஆறாத ஆட்டில் தோல் சவ்வோடு கழன்று வந்துவிடும். விலாவும் முதுகும் முழுக்க முட்டி வேலை. வால் அடி, கழுத்து, நெஞ்செலும்பு ஆகிய இடங்களில் தோல் இறுக ஒட்டியிருக்கும். அங்கே மட்டும் மறுபடி கத்தி வேண்டும்.

ஆட்டை ஆறவிட்டால் கதை மாறிவிடும். சவ்வு காய்ந்து இறுகும். முட்டி போகாது. கத்தியால் அரிந்து அரிந்துதான் எடுக்க வேண்டும். தோலில் ஓட்டை விழும், சதையும் துண்டு துண்டாகத் தோலோடு போகும். கத்தி சரியில்லை என்று குறைப்படுகிறவர்களில் பாதிப் பேருக்குக் கத்தியில் பிழை இல்லை. ஆட்டை அடித்துவிட்டுத் தேத்தண்ணி குடித்துக் கதைத்துக்கொண்டிருந்ததுதான் பிழை.

அந்த முதல் கீறல்களை எப்படிப் போடுகிறீர்கள் என்பதும் கத்தியைத் தெரிவு செய்வதோடு சேர்ந்த விஷயம். நுனியால் தோலில் சின்னத் துவாரம் ஒன்று போட்டு, கத்தியைத் திருப்பி, அதன் வாய் வெளியே பார்க்கும்படி தோலுக்கு அடியால் விட்டு, உள்ளிருந்து வெளியே வெட்ட வேண்டும். மேலிருந்து மயிரோடு சேர்த்து அறுத்தால் இரண்டு நட்டம். ஆட்டு மயிரில் எப்போதும் மண்ணும் மணலும் ஒட்டியிருக்கும், அது நாலு இழுவையில் கத்தி வாயை மொட்டையாக்கிவிடும். வெட்டுண்ட மயிர் இறைச்சியில் ஒட்டிக்கொள்ளும், அது இரண்டாவது நட்டம். கிடாய் என்றால் மயிர் பட்ட இடமெல்லாம் மொச்சை நாற்றம். கழுவினாலும் முழுக்கப் போகாது. மயிரைத் தொட்ட கையால் இறைச்சியைத் தொட வேண்டாம் என்று பழைய ஆட்கள் சத்தம் போடுவது இதற்காகத்தான்.

இந்த வேலைக்கு நுனி தேவை, ஆனால் ஊசி போன்ற நுனி கூடாது. ஊசி நுனி சதைக்குள்ளும் குடலுக்குள்ளும் போய்விடும். நுனிக்குப் பின்னால் ஒரு வளைவு வேண்டும். தோலைச் சதையிலிருந்து பிரிக்கும்போது அந்த வளைவுதான் வெட்டும். நேர் அலகு உள்ள மரக்கறிக் கத்தியில் ஒரு இடம் மட்டுமே தோலில் படும், நுனியோ குத்திக்கொண்டே இருக்கும். நீளம் நான்கிலிருந்து ஐந்து அங்குலம். ஆறு அங்குலக் கத்தி மாட்டுக்கு நல்லது. ஆட்டின் கழுத்தடியிலும் கவட்டிலும் அதைத் திருப்ப இடம் போதாது. இறைச்சிக்கடைக்காரர்கள் எலும்பிலிருந்து சதை எடுக்கப் பாவிக்கும், நுனி வளைந்த ஒடுக்கமான கத்தியை உரிப்பதற்கும் வைத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு கத்திதான் வாங்குவதென்றால் நான் அதைத்தான் வாங்குவேன். ஆண்டு முழுக்க வீட்டில் கோழி வெட்டவும் உதவும்.

சந்தையில் கத்தி எடுக்கும்போது அநேகமானோர் பார்க்க மறப்பது தடிப்பு. மூன்று வங்கி அட்டைகளை அடுக்கிப் பிடித்தால் இரண்டேகால் மில்லிமீற்றர் அளவு வரும். கத்தியின் முதுகு அதற்குக் கிட்ட இருந்தால் சரி. சுன்னாகத்திலும் சாவகச்சேரியிலும் இரும்புச் சாமான் கடைகளில் தொங்கும் கைக்கத்திகளில் பல இதைப்போல் இரண்டு மடங்கு தடிப்பு. தேங்காய் வெட்டவும் வேலிக்குக் கதியால் சீவவும் அவை நல்லவை. தோலுக்கடியில் விட்டால் ஆப்பு மாதிரி சதையைப் பிளந்துகொண்டு நிற்கும், வழுக்கிப் போகாது.

கொல்லரிடம் சொல்லிச் செய்விக்கலாமா என்றால், தாராளமாக. இங்கே கொல்லர்கள் பெரும்பாலும் பழைய லொறி ஸ்பிரிங் பட்டையை அடித்துத்தான் கத்தி செய்கிறார்கள். அது நல்ல உருக்கு. ஆனால் ஸ்பிரிங் வளைய வேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் மென்மையாகப் பதப்படுத்தப்பட்டிருக்கும். அதை அரைத்து வடிவம் மட்டும் கொடுத்தால் கத்தி வாய் எலும்பில் பட்டதும் மடங்கிவிடும். அடித்து மெல்லிசாக்கி, பழுக்கக் காய்ச்சித் திரும்பவும் தோய்ச்சல் போட்டிருக்க வேண்டும், அதாவது சூட்டோடு எண்ணெயிலோ தண்ணீரிலோ முக்கிக் கடினமாக்கியிருக்க வேண்டும். கொல்லரிடம் கேளுங்கள்: "தோய்ச்சல் எண்ணெயிலையா, தண்ணியிலையா?" பதில் எதுவானாலும் பரவாயில்லை. கேட்டதும் அவர் முகத்தில் ஒரு உற்சாகம் வந்தால் வேலை தெரிந்தவர். மழுப்பினால் வேறு இடம் பாருங்கள். வீட்டில் சோதிக்கவும் வழி உண்டு. ஒரு அரத்தின் ஓரத்தைக் கத்தி வாயில் மெதுவாக வைத்து இழுங்கள். அரம் ஆழமாகக் கடித்துத் தூள் எடுத்தால் தோய்ச்சல் போதாது. கண்ணாடியில் இழுப்பதுபோல் சறுக்கிக்கொண்டே போனால் அளவுக்கு மிஞ்சிய கடினம், அந்த வாய் பல்லுப் பல்லாய் உடையும். கொஞ்சம் கடித்தும் கடிக்காமலும் போவதுதான் வேண்டியது.

பழைய அரத்தையே கத்தியாக்கித் தருகிறேன் என்றும் சிலர் சொல்வார்கள். அரத்தில் கரி கூட, கூர் நன்றாக ஏறும். ஆனால் பதம் இறக்காமல், அதாவது கொஞ்சம் சூடாக்கி அந்தக் கடினத்தைக் குறைக்காமல், அரைத்துக் கொடுத்தால் கீழே விழுந்தாலே இரண்டாகும். கூர்மைக்கு ஊரில் பேர்போனது கள்ளுச் சீவல் தொழில் செய்கிறவர்களின் பாளைக்கத்தி. அதைக் கண்டு ஆசைப்பட வேண்டாம். பாளை சீவும் வேலைக்குத் தக்க அகலமும் பாரமும் அதற்கு உண்டு. ஆட்டின் கவட்டுக்குள் அது சுழலாது. அவர்கள் தீட்டுகிற பழக்கத்தை மட்டும் கடன் வாங்கிக்கொள்ளுங்கள்.

துருப்பிடியா உருக்குக் கத்தி கடையில் வாங்குவதானால், பெட்டியில் 1.4116 அல்லது X50CrMoV15 என்று அச்சிட்டிருந்தால் நம்பி எடுக்கலாம். இரண்டும் ஒரே உருக்குத்தான். நூறு பங்கில் அரைப் பங்கு (0.5%) கரி, பதினைந்து பங்கு குரோமியம். சுவிற்சலாந்தின் விக்ரொறினொக்ஸ் இறைச்சிக் கத்திகளிலும் இதே வகைதான், கடினம் ரொக்வெல் அளவில் 55, 56. ஜப்பான் சமையல் கத்திகள் 60ஐத் தாண்டும். எழுத்தில் பார்க்க அது பெரிதாகத் தெரியும். ஆனால் எலும்பில் தட்டுப்பட்டால் சில்லுச் சில்லாய்ப் போவதும், வீட்டுக் கல்லில் லேசில் கூர் ஏறாமல் இருப்பதும் அதே கடினத்தால்தான். உரிக்கிற கத்தி கூர் கொஞ்சம் இறங்கினாலும் இரண்டு நிமிடத்தில் மீண்டும் ஏற வேண்டும். அதற்கு 55, 56 தான் தோது. எண்ணே போடாமல் "ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல்" என்று மட்டும் எழுதிப் பளபளக்கும் கத்திகளை நான் தொடுவதில்லை. மூன்று கத்தி, ஒரு கத்தரிக்கோல், ஒரு மரத்தாங்கி என்று பெட்டியாக வருபவற்றையும்தான்.

இனி மச்சானின் கத்தி. ஒன்ராறியோவில் அனுமதி எடுத்து இலையுதிர் காலத்தில் வேட்டைக்குப் போகிறவர்கள் அடிக்கும் வெள்ளைவால் மானில் நன்கு வளர்ந்த ஆண் மான் நூறு கிலோவைத் தொடும். நம்முடைய பங்கு ஆடு உயிரோடு 25, 30 கிலோ. அங்கே மானைக் காட்டுக்குள்ளேயே நிலத்தில் கிடத்தி, குளிரில் விறைத்த கையோடு, சில நேரம் தனி ஆளாக வயிறு பிளக்க வேண்டும். குடலில் கத்தி படாமல் தோலை ஒரே இழுப்பில் திறக்கத்தான் அலகின் முதுகில் அந்தக் கொக்கி. அந்த இடத்துக்கு அது புத்தியான யோசனை. நமக்கோ ஆடு தொங்குகிறது, பிடிக்க இரண்டு பேர் நிற்கிறார்கள், வெளிச்சமும் இருக்கிறது. இடக்கையின் சுட்டுவிரலையும் நடுவிரலையும் வயிற்றுக்குள் விட்டு அகட்டி, குடலை உள்ளே தள்ளிப் பிடித்துக்கொண்டு, இரண்டு விரலுக்கும் நடுவில் கத்தி வாயை வெளியே பார்க்க வைத்து மேலிருந்து கீழே இறக்கினால் கொக்கி செய்யும் அதே வேலை நடந்துவிடும். கொக்கிக்கு வேறு தொல்லைகளும் உண்டு. உள்வளைவைத் தட்டைக் கல்லில் தீட்ட முடியாது, அதற்கென்று மெல்லிய உருளை அரம் வேண்டும். மயிரும் கொழுப்பும் அதற்குள் அடைத்துக்கொள்ளும்.

சவர அலகு மாதிரிக் கழற்றி மாற்றும் அலகுள்ள கத்திகளும் அங்கே இப்போது பிரபலம். கூர் பயங்கரம். மூட்டில் திருப்பினால் அலகு முறியலாம், முறிந்த துண்டு யாருடைய பங்கில் போனது என்று தேட வேண்டியிருக்கும். மாற்று அலகுக்கும் இங்கே கடை கடையாய் அலைய வேண்டும். மடிக்கிற கத்தி வேண்டவே வேண்டாம். இணைப்புக்குள் இரத்தமும் கொழுப்பும் போய் நாறும், கழுவ வழியில்லை.

மச்சான் எதையாவது கொண்டுவந்தே தீருவேன் என்று நின்றால் சுவீடன் மோறாக் கத்தி ஒன்று சொல்லுங்கள். பத்து சென்ரிமீற்றர் அளவு அலகு, இரண்டரை மில்லிமீற்றர் தடிப்பு, ஈரக் கையில் வழுக்காத றப்பர் பிடி, பிளாஸ்டிக் உறை. அமெரிக்க டொலரில் இருபதைச் சுற்றித்தான் வரும். கைப்பையில் வைக்காமல் விமானத்தில் ஏற்றிவிடும் பெட்டியில் போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் விமான நிலையத்திலேயே பறித்துக்கொள்வார்கள். மான் கத்தி வந்துவிட்டது என்பதற்காக வன்னிப் பக்கம் யோசனை போக வேண்டாம். புள்ளிமானும் மரையும் 1937ஆம் ஆண்டின் விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. இறைச்சியை வைத்திருந்தாலே வழக்கு.

பிடியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. மரப்பிடி கைக்கு இதம், ஆனால் இரத்தத்தைக் குடித்துப் பிளக்கும். பிளாஸ்டிக்கோ றப்பரோ நல்லது. பிடிக்கும் அலகுக்கும் நடுவில் விரல் முன்னே சறுக்காமல் ஒரு மேடு இருக்கட்டும். ஆட்டுக் கொழுப்பு கையில் பட்டால் சவர்க்காரம் போலத்தான்.

கல்லுக்கு வருவோம். யாழ்ப்பாணத்து ஹாட்வெயார் கடைகளில் கிடைக்கும் கறுப்புக் கார்போறண்டம் கல் அநேகமாக இரண்டு பக்கமும் பரும்படிதான். மண்வெட்டிக்குச் சரி. ஒரு பக்கம் 400 (பரும்படி), மறுபக்கம் 1000 (மென்மை) என்று எண் போட்ட கல்லைக் கேட்டு வாங்குங்கள். பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவிட்டு, ஈரத் துணியை அடியில் விரித்து, கல் அசையாமல் வைக்க வேண்டும். கோணம் எவ்வளவு என்று எல்லோரும் குழம்புவார்கள். கத்தியைக் கல்லில் நட்டுக்கு நிறுத்துங்கள், அது 90 பாகை. பாதி சாய்த்தால் 45. அதில் பாதி சாய்த்தால் 22, 23 வரும். அதிலிருந்து இம்மியளவு தாழ்த்திப் பிடித்தால் போதும், முழுக்க அந்தச் சாய்விலேயே போகவேண்டும் என்பதுதான் முக்கியம். அதைவிடத் தட்டையாகத் தீட்டினால் முதலில் நன்றாக வெட்டும், விலா எலும்பில் இரண்டு தரம் உரசியதும் வாய் மடிந்துவிடும்.

முதலில் கல்லின் 400 பக்கத்தில் கத்தியின் ஒரு பக்கத்தை மட்டும் தொடர்ந்து தீட்டுங்கள். கொஞ்ச நேரத்தில் மறுபக்கத்து ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிசிர் எழும்பும். பெருவிரலைக் கத்தியின் முதுகிலிருந்து வாய்ப்பக்கம் வெளியே போகும்படி மெதுவாக வழித்தால் அது சுரண்டும். அடியிலிருந்து நுனிவரை அந்தச் சுரண்டல் கைக்குப் பட்டால்தான் அந்தப் பக்கம் முடிந்தது. இடையில் எங்காவது வழுவழு என்று இருந்தால் அந்த இடத்தில் இன்னும் கல் படவில்லை. வளைவில்தான் அநேகமாகத் தவறும், நுனியை நெருங்கும்போது முழங்கையைக் கொஞ்சம் உயர்த்த வேண்டும். பிறகு மறுபக்கம். பிறகு கல்லின் 1000 பக்கத்தில் அமத்தாமல் மாறி மாறி. கடைசியில் பழைய தோல் இடுப்புப்பட்டியில் வாய் பின்னால் இழுபடும்படி பத்து இழுவை. வெளிச்சத்தின் கீழ் கத்தி வாயை நேரே கண்ணை நோக்கிப் பிடித்துப் பாருங்கள். கூரான வாய் கண்ணுக்கே தெரியாது. எங்காவது வெள்ளைப் பொட்டாய் மினுங்கினால் அங்கே மொட்டை.

உரித்துக்கொண்டிருக்கும்போது கூர் இறங்கினால் கல்லைத் தேடி ஓட வேண்டாம். பீங்கான் கோப்பையின் அடியில் மினுக்கம் பூசாத சொரசொரப்பான வளையம் இருக்கும். அதில் பக்கத்துக்கு நாலைந்து இழுவை இழுத்தால் பங்கு முடியும்வரை தாக்குப்பிடிக்கும். மின்சாணைக்காரரிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். தீப்பொறி பறக்கப் பிடித்துக் கொடுப்பார், வாயோரம் நீலம் பாரித்திருக்கும். அந்த நீலம் வந்தால் உருக்கு 300 பாகை அளவுக்குச் சூடேறிப் பதம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது.

எலும்புக்கு இந்தக் கத்தியைத் தொடக்கூடாது. முழங்கால், தோள்மூட்டு எல்லாவற்றையும் இணைப்புப் பார்த்து நுனியால் நரம்பை அறுத்தால் திருகிக் கழற்றிவிடலாம். முள்ளந்தண்டையும் விலாவையும் புளியங்குற்றியில் வைத்துக் கொடுவாக்கத்தியால் கொத்துவதுதான் வழி. கொடுவாக்கத்தி ஒழுங்கையில் யாரிடமாவது இருக்கும், வாங்கத் தேவையில்லை.

நம்முடைய உப்புக்காற்றில் கொல்லர் கத்தி ஒரு இரவிலேயே செம்மை பூத்துவிடும். வேலை முடிந்த கையோடு சவர்க்காரம் போட்டுக் கழுவி, கொதிதண்ணீர் ஊற்றி, உடனே துடைத்து, தேங்காயெண்ணெய் ஒரு சொட்டுப் பூசிப் பழந்துணியில் சுற்றி வையுங்கள். தோல் உறையில் போட்டு வைக்காதீர்கள், உறை ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். வேலைக்கு நடுவிலும் தோல் உரித்த கத்தியைக் கழுவாமல் இறைச்சியில் வைக்கக் கூடாது. பெரிய கொல்களங்களில் கத்தி தோய்த்தெடுக்கும் தண்ணீர் 82 பாகையில் இருக்க வேண்டும் என்று விதி. நமக்குப் பக்கத்தில் ஒரு அடுப்பில் கேத்தில் கொதித்தால் போதும். சொந்தப் பாவனைக்கான பங்கு என்றாலும் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். விற்பனை என்றால் அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஆடு அடிக்கவே முடியாது.

இடக்கைக்கு, வெட்டுப்படாத நூலால் பின்னிய கையுறை ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். தோலை இழுத்துப் பிடிப்பது அந்தக் கை, கத்தி வழுக்கினால் போவதும் அங்கேதான். அப்படியும் வெட்டுப்பட்டால் மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு வேலையைத் தொடர வேண்டாம். ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவி, காயத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ஏற்பு (ரெற்றனஸ்) ஊசி கடைசியாக எப்போது போட்டது என்று கேட்பார்கள். மிச்ச ஆட்டை வேறு யாராவது உரிக்கட்டும்.